பெரிய பாதையில் முதல் முறை: எருமேலியிலிருந்து சன்னிதானம் வரை நடக்க ஒரு வழிகாட்டி

கரிமலை ஏற்றத்தில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. இறக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஏறும்போது சிரித்துப் பேசிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போன இளைஞர் ஒருவர், இறங்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். தொடை வெடவெடவென்று ஆடியது. இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை. தினமும் உடற்பயிற்சி செய்கிறவர்தான். ஆனால் மலை இறங்கிப் பழகியவர் இல்லை.

சபரிமலைக்குப் பெரிய பாதையில் முதல் முறையாகப் போகும் கன்னிச்சாமிகளுக்காக இதை எழுதுகிறேன். விரத முறைகளையும் பூசைகளையும் உங்கள் குருசாமி சொல்லித் தருவார். நான் சொல்ல வருவது காலையும் மூச்சையும் சுமையையும் பற்றி மட்டும்.

பாதை எப்படிப் போகிறது

சபரிமலைக்கு நடப்பது என்றாலே இப்போது பலருக்கும் பம்பையிலிருந்து சன்னிதானம் வரை உள்ள ஐந்து கிலோமீட்டர்தான் நினைவுக்கு வருகிறது. அது சின்னப் பாதை. பெரிய பாதை கோட்டயம் மாவட்டத்தில் உள்ள எருமேலியில் தொடங்குகிறது. பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதா நதி, கல்லிடும் குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரிமலை, பெரியானவட்டம், சிறியானவட்டம் என்று போய்ப் பம்பையில் இறங்குகிறது. அங்கிருந்து நீலிமலை ஏறினால் சன்னிதானம். மொத்தம் 40 கிலோமீட்டருக்கு மேல்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இதைவிடப் பல மடங்கு தூரம் நடக்கிறார்கள். அந்தக் கணக்கை இங்கே போடாதீர்கள். சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கும் ஒருவர் அழுதா மேட்டிலும் கரிமலையிலும் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அதுவே நல்ல வேகம். வேர்களும் உருண்டைக் கற்களும் நிறைந்த பாதை, தலையில் இருமுடி, காலில் செருப்பு இல்லை. இரண்டு நாளுக்குத் திட்டமிடுங்கள். முழுப் பாதையையும் ஒரே நாளில் முடித்ததாகப் பெருமையாகச் சொல்கிறவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். அவர்கள் மறுநாள் எப்படி நடந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சிறுவர் சிறுமியரையும் முழங்கால் வலி உள்ள பெரியவர்களையும் சின்னப் பாதையில் அனுப்பிவிடுங்கள். பம்பையில் சேர்ந்துகொள்ளலாம்.

எப்போது போவது

இந்தக் காட்டுப் பாதை மண்டல, மகரவிளக்குக் காலத்தில்தான் பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. கார்த்திகை முதல் நாள் (நவம்பர் நடுவில்) நடை திறந்து, டிசம்பர் 26 அல்லது 27-இல் மண்டல பூசையோடு அடைப்பார்கள். சில நாள் இடைவெளிக்குப் பிறகு மீண்டும் திறந்து, ஜனவரி 14 வாக்கில் மகரவிளக்கு. மாதப் பூசைக்குப் போகிறவர்கள் பெரிய பாதையை மறந்துவிட வேண்டியதுதான்.

கார்த்திகை முதல் பத்து நாளில் கூட்டம் குறைவாக இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை முழுதாக விலகியிருக்காது. பிற்பகலில் இடியோடு மழை கொட்டினால் செம்மண் பாதை சோப்புப் போட்டது போல ஆகிவிடும், அட்டைகளும் கிளம்பும். மகரவிளக்கை ஒட்டிய நாட்களில் பாதை காய்ந்திருக்கும், ஆனால் முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாத அளவுக்குக் கூட்டம். முதல் முறை போகிறவர்களுக்கு மார்கழித் தொடக்கம் நல்லது என்பது என் கருத்து. இரவில் குளிரும், குளிரைப் போர்வையால் சமாளிக்கலாம், வழுக்கலை எதைக்கொண்டும் சமாளிக்க முடியாது.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே முடிக்க வேண்டும். ஒன்று, தேவஸ்வம் போர்டின் இணைய முன்பதிவு. சன்னிதானத்துக்கு எந்த நாள் போய்ச் சேர்வீர்களோ அந்த நாளுக்குப் பதிவு செய்யுங்கள். எருமேலியில் கிளம்பும் நாளுக்குப் பதிவு செய்துவிட்டுக் காட்டுக்குள் இருக்கும்போதே தேதி தாண்டிப்போனவர்கள் உண்டு. பதிவுக்குக் கொடுத்த அதே அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். இரண்டாவது, காட்டுக்குள் நுழையும் நேரம். அழுதாவைத் தாண்டினால் பெரியார் புலிகள் காப்பகம். இருட்டுவதற்குள் எல்லோரும் கரிமலையைக் கடந்துவிட வேண்டும் என்பதற்காக, குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வனத்துறையினர் யாரையும் உள்ளே விடுவதில்லை. அந்த நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் எருமேலியில் இறங்கியதும் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு நாள் திட்டம் முழுக்க அந்த ஒரு நேரத்தைச் சுற்றித்தான் அமையும்.

41 நாளும் காலுக்குப் பயிற்சி

மாலை போட்ட அன்றே செருப்பைக் கழற்றிவிடுங்கள். முதல் வாரம் சிறு கல்லும் ஊசியாகக் குத்தும். மூன்றாவது வாரத்தில் பாதத்தின் தோல் தடித்து, எங்கே எப்படி ஊன்றுவது என்று காலே கற்றுக்கொண்டிருக்கும். மலைக்குப் போகும் முந்தைய நாள் வரை அலுவலகத்துக்கு ஷூ போட்டுக்கொண்டு போய்விட்டு, எருமேலியில் கழற்றுகிறவர்களின் பாதம் காளைகட்டி போய்ச் சேரும் முன்பே கொப்புளித்துவிடும்.

தினமும் ஒரு மணி நேரம் நடங்கள். வாரம் இரண்டு நாள் படிக்கட்டு. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள்: மெதுவாக, முழங்காலைச் சற்று மடக்கியபடி, பிடிமானம் இல்லாமல். இறங்கும்போது உடல் எடை முழுவதையும் தொடைத்தசை நீண்டபடியே தாங்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசை அந்த வேலையைத் தாங்காது. மேலே சொன்ன இளைஞரின் தொடை ஆடியது அதனால்தான். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். கடைசி இரண்டு வாரம், தலையில் மூன்று கிலோ அரிசியைத் துண்டில் கட்டி வைத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

குதிகால் வெடிப்பு இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவி இந்த நாட்களிலேயே ஆற்றிவிடுங்கள். வெடிப்புக்குள் மண் புகுந்தால் மலையில் ஒவ்வொரு அடியும் தண்டனை. கால் நகங்களைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு நேராக வெட்டுங்கள்; முந்தைய இரவில் ஒட்ட வெட்டினால் இறக்கத்தில் விரல் நுனி பழுத்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், குறிப்பாகப் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், வெறுங்காலோடு போகக் கூடாது. முள் குத்தியதே தெரியாது. கனமான காலுறையோ துணி ஷூவோ போட்டுக்கொண்டு நடப்பவர்களைக் காட்டில் யாரும் தடுப்பதில்லை. படியேறும் முன் கழற்றினால் போதும். இதயம், இரத்த அழுத்தம் தொடர்பான தொல்லை இருந்தால் மாலை போடும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். விரதம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்துகிறவர்களை என்ன சொல்வது! ஐயப்பன் அப்படிக் கேட்கவில்லை, சாமி.

சுமை

இருமுடியில் முன்முடி சுவாமிக்கு, பின்முடி நமக்கு. நெய்த்தேங்காய், காணிக்கை, பூசைப் பொருட்கள் முன்னால். வழியில் சாப்பிடுவதற்கானவை பின்னால். வீட்டில் உள்ளவர்களும் உறவினர்களும் ஆளுக்கொரு கைப்பிடி அரிசி போட்டு முன்முடியை நிறைத்துவிடுவார்கள். அன்பைத் தடுக்க முடியாது, பின்முடியைக் குறைத்துக்கொள்ளலாம். முடியின் மொத்த எடை நான்கு கிலோவுக்குள் இருந்தால் கழுத்து தாங்கும்.

நெய்த்தேங்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணில் துளை போட்டு, தண்ணீரை வடித்து, நெய்யை ஊற்றித் தக்கையால் அடைப்பார்கள். தக்கையைச் சுற்றி அரக்கோ மெழுகோ சரியாகப் பிடித்திருக்கிறதா என்று நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். என் இரண்டாவது பயணத்தில் அழுதா மேட்டில் நெற்றியில் வழிந்ததைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், வியர்வை ஏன் இப்படிப் பிசுபிசுக்கிறது என்று புரியவில்லை. பின்னால் வந்த சாமிதான் மோப்பம் பிடித்துச் சொன்னார், நெய் என்று. பாதி நெய் என் தலையிலேயே அபிஷேகமாகியிருந்தது.

தலைக்கும் முடிக்கும் நடுவில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வையுங்கள். தண்ணீர்க் குடம் சுமந்த பெண்களுக்குத் தெரிந்த இந்த வித்தை நம் ஆட்களுக்கு மறந்துபோய்விட்டது. இருமுடியை ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டே நடந்தால் அந்தத் தோள் இறுகிவிடும். கால் மணிக்கு ஒரு முறை கை மாற்றுங்கள். மற்றச் சாமான்களுக்கு ஒற்றைத் தோளில் தொங்கும் ஜோல்னாப் பை வேண்டாம். முதுகோடு ஒட்டி நிற்கும் இரட்டைப் பட்டைப் பையாக இருக்கட்டும். அதில் ஒரு போர்வை, ஒரு மாற்று வேட்டி, துண்டு, டார்ச், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், பிளாஸ்திரி, கொஞ்சம் உப்பு, வழக்கமான மாத்திரைகள், எஃகு தண்ணீர்ப் புட்டி. வேறெதுவும் தேவையில்லை. பிளாஸ்டிக் பைகளையும் பாட்டில்களையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மலையில் அவற்றுக்குத் தடை இருக்கிறது. யானையும் மிளாவும் உப்பு ருசிக்காகப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்பதும் ஒரு காரணம்.

கைத்தடி ஒன்று கட்டாயம். நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும்.

முதல் நாள்: எருமேலியிலிருந்து அழுதா

எருமேலியில் பேட்டை துள்ளல். முகத்திலும் உடம்பிலும் வண்ணம் பூசி, கையில் சரக்கோல் (மர அம்பு) பிடித்து, ‘சுவாமி திந்தக்கத்தோம், ஐயப்ப திந்தக்கத்தோம்’ என்று ஆடிக்கொண்டே சிறிய கோயிலிலிருந்து வாவர் பள்ளிவாசலுக்குப் போய் வணங்கி, அங்கிருந்து பெரிய கோயிலுக்கு வருவார்கள். ஆடுங்கள், ஆசை தீர ஆடுங்கள். முடிந்ததும் வண்ணத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள். வியர்வையோடு கலந்து கழுத்திலும் அக்குளிலும் ஊறினால் நாள் முழுதும் அரிக்கும். சரக்கோலைப் பத்திரமாகப் பையில் செருகுங்கள். சரங்குத்தியில் கன்னிச்சாமிகள் அதைக் குத்த வேண்டும்.

வண்டியில் வந்தவர்கள் ஓட்டுநரை நிலக்கல்லுக்கு அனுப்பிவிடலாம். வண்டிகள் நிற்பது அங்கேதான். பம்பையிலிருந்து நிலக்கல்லுக்கு அரசு பஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

பேரூர்த்தோட்டில் மீனுக்குப் பொரி போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால், அதற்கப்பால் எல்லாம் ஐயப்பனின் பூங்காவனம் என்பது ஐதீகம். உண்மையில் அடுத்த சில மணி நேரம் ஊர்களும் ரப்பர் தோட்டங்களும் தார்ச்சாலையும்தான். மதியத்தில் அந்தத் தார் வெறுங்காலைப் பொரித்துவிடும் என்பதால் விடியும் முன்பே கிளம்புங்கள். சாலையோர மண்ணில் நடங்கள். சிவன் தன் காளையைக் கட்டிவிட்டு மகிஷி வதத்தைப் பார்த்ததாகச் சொல்லப்படும் காளைகட்டியைத் தாண்டினால் அழுதா நதி வந்துவிடும்.

அங்கே விரி போட்டு இரவு தங்குங்கள். விரி என்றால் படுக்க இடம்: கீற்றுக் கொட்டகை, கீழே பாய், அவ்வளவுதான். நதியில் குளித்து, மூழ்கி ஒரு கூழாங்கல் எடுத்துக்கொள்வது வழக்கம். மறுநாள் கல்லிடும் குன்றில் போட வேண்டிய கல் அது. சின்னதாக எடுங்கள். உற்சாகத்தில் தேங்காய் அளவுக் கல்லை எடுத்த சாமி ஒருவர் மேட்டில் பாதி தூரத்தில் அதை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தது எங்கள் குழுவில் இன்றும் பேச்சு.

குளித்த ஈர வேட்டியோடு நடக்கக் கூடாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பட்ட பிறகு வெட்கத்தால் வெளியே சொல்வதும் இல்லை. ஈரத் துணி உள் தொடையில் உரசி, இரண்டு மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும். அதன் பிறகு காலை அகட்டி வாத்து போல நடக்க வேண்டியதுதான். அப்படி நடந்தால் முழங்காலும் போய்விடும். உடம்பை நன்றாகத் துடைத்து, உள் தொடையில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி, காய்ந்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

இரண்டாம் நாள்: அழுதா மேடு, கரிமலை

அழுதாவைக் கடந்த உடனே செங்குத்தாக மேடு. தூங்கி எழுந்த உடம்பு சூடாவதற்குக்கூட அவகாசம் இல்லை. முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். சிறிய அடியாக வையுங்கள், பாதம் முழுதாகப் பதியட்டும்.

எந்த வேகத்தில் ஏறுவது என்பதற்கு எங்கள் குருசாமி சொன்ன அளவுகோலைவிடச் சிறந்ததை நான் கண்டதில்லை. முன்னால் போகிறவர் ‘தேக பலம் தா’ என்பார். நீங்கள் ‘பாத பலம் தா’ என்று முழுக் குரலில் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் வேகம் சரி. பாதியில் மூச்சு வாங்கினால் நீங்கள் அதிக வேகத்தில் போகிறீர்கள். குழுவில் ஒருவரின் சரணம் கேட்கவில்லை என்றால், எல்லோரும் நிற்க வேண்டும். சரணம் பக்திக்காகத்தான்; ஆனால் இந்த மலையில் மூச்சை அளக்கும் கருவியும் அதுதான். கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டுக்கொண்டு வாய் மூடி நடக்கிறவர்களுக்கு இது கிடைக்காது.

கல்லிடும் குன்றில் கல்லைப் போட்டு, இஞ்சிப்பாறைக் கோட்டை தாண்டி முக்குழிக்கு வந்தால் கொஞ்சம் இளைப்பாறலாம். சாப்பிடுவதாக இருந்தால் பாதி வயிறு. கஞ்சி, பழம், அவல் போதும். முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கரிமலையில் ஏறினால் சாப்பிட்டது தொண்டைக்கு வந்துவிடும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள்; உங்களுக்கு மேலே ஆயிரம் பேர் இறங்கியிருப்பார்கள். வழியில் தரும் சுக்குத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கரிமலை ஏழு தட்டுகளாக ஏறுவது என்பார்கள். எண்ண வேண்டாம், எண்ணினால் எட்டாவது வந்து நிற்கும். ஒவ்வொரு தட்டிலும் நின்றபடியே தடியில் சாய்ந்து இருபது மூச்சு விடுங்கள். உட்கார்ந்தால் எழுவது கடினம்.

உச்சியில் பத்து நிமிடம் நன்றாக ஓய்வெடுங்கள். அதன் பிறகுதான் அசல் வேலை. இறக்கத்தில் தடியை முதலில் ஊன்றி, எடையைத் தடிக்குக் கொடுத்து, அப்புறம் காலை வையுங்கள். நேராக இறங்காமல் பாதையின் அகலத்துக்குள்ளேயே இடமும் வலமுமாக வளைந்து வாருங்கள்; மிகச் செங்குத்தான இடத்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளலாம். வேரின் மேல் மிதிக்காதீர்கள், அது பளபளப்பாகத் தேய்ந்திருக்கும். இரண்டு கல்லுக்கு நடுவில் உள்ள மண்ணில் விரலை அழுத்தி ஊன்றுங்கள். முன்னால் போகிறவரின் தோளைப் பிடிக்காதீர்கள், விழுந்தால் இருவரும் விழ வேண்டும். சிலர் கடகடவென்று ஓடியே இறங்குவார்கள். அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள், மலைச்சரிவின் உட்பக்கமாக.

அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள். உப்பைத் தூவினால் தானே விழும். அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் சிறிது நேரம் இரத்தம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

யானைக்கு மட்டும் பயப்படுங்கள். பாதையை விட்டு விலகிப் புதருக்குள் ஒதுங்குவதும், கூட்டத்தை விட்டுத் தனியாகப் பின்தங்குவதும், மீந்த சோற்றையும் பழத்தோலையும் எறிவதும் அதை அழைப்பதற்குச் சமம். காட்டில் பெரும்பாலான இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது. எனவே குழுவில் வழி தெரிந்தவர் ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில், கன்னிச்சாமிகள் நடுவில். பிரிந்துபோனால் எங்கே காத்திருப்பது என்பதைக் காலையிலேயே பேசிவிடுங்கள்.

பெரியானவட்டம், சிறியானவட்டம் வந்துவிட்டால் பாதை படுத்துவிடும். அடுத்தது பம்பை. குளியுங்கள், ஆனால் உடுத்திய துணியை ஆற்றில் விடுவது ஐதீகமும் இல்லை, சட்டப்படி குற்றம்.

பம்பையிலிருந்து மேலே

காட்டைக் கடந்துவிட்டோம், இனி என்ன என்ற நினைப்பு வருவது இங்கேதான். நீலிமலையும் அப்பாச்சி மேடும் காத்திருக்கின்றன. களைத்த உடம்போடு வேகமாக ஏறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறவர்கள் இந்தப் பகுதியில் அதிகம். வழியில் அவசர சிகிச்சை மையங்களும் ஆக்சிஜன் கொடுக்கும் இடங்களும் இருப்பது அதனால்தான். நெஞ்சில் இறுக்கமோ இடது கையில் வலியோ தெரிந்தால் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று பார்க்காதீர்கள். முடிந்தால் இரவு பம்பையில் படுத்து எழுந்து அதிகாலையில் ஏறுங்கள். முழங்கால் கெஞ்சினால் சுவாமி ஐயப்பன் சாலை வழியாகப் போகலாம்; சுற்று, ஆனால் சரிவு குறைவு.

சபரிபீடம் தாண்டிச் சரங்குத்தியில் சரத்தைக் குத்திவிட்டுக் கூட்டத்தோடு நகர வேண்டியதுதான். வரிசையில் பல மணி நேரம் நிற்கும்போது கால் வீங்கும். குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கிக்கொண்டிருங்கள். பதினெட்டாம் படியில் நிற்க முடியாது, காவலர்கள் தூக்கி விட்டுக்கொண்டே இருப்பார்கள். இருமுடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மற்றொரு கையைக் காவலருக்காக விட்டுவையுங்கள்.

தரிசனமும் நெய்யபிஷேகமும் முடிந்ததும் உடனே இறங்கப் பரபரக்காதீர்கள். நாலு மணி நேரமாவது படுத்துவிட்டு இறங்குங்கள். ஊர் வந்து மாலை கழற்றிய பிறகு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் திருப்பிப் பாருங்கள். ஒடிந்த முள் ஏதாவது உள்ளே நிற்கும். பழைய செருப்பு இரண்டு மூன்று நாளைக்கு இறுக்கும். வீக்கம் வடியும் வரை வாரை ஒரு துளை தளர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள்.